என் இடுப்பின் அளவு

"டிங்."

எத்தனையோ வருடங்களுக்கு முன் கேட்ட சத்தம். காலை நேரம். என் மகள் பள்ளிக்குப் போகக் குனிந்து காலணி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஸ்கர்ட்டிலிருந்து ஒரு பித்தான் கழன்று பறந்து இரும்பு அலமாரியில் மோதியது. யாரோ சின்ன மணியை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு ஓடிப்போனது போலிருந்தது. பிறகு பித்தான் தரையில் உருண்டு, எந்தப் பக்கம் விழலாம் என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் படுத்தது.

முதலில் சிரித்தது மகள்தான். "அப்பா, அலமாரிய சுட்டுட்டேன்!"

நான் சிரிக்கவில்லை. நான் தையற்காரன். தெருவே என்னை மாஸ்டர் என்று கூப்பிடும். வாடிக்கையாளர் வீட்டில் பித்தான் பறந்தால் அது விபத்து. மாஸ்டர் வீட்டில் பறந்தால் அது அவமானம்.

"பித்தான் தைச்சது யாரு?" என்றேன்.

"நான்தான்," என்றாள் மனைவி. வீட்டின் முன்பக்கம்தான் கடை. கடையில் வெட்டுவதும் மெஷினில் ஓட்டுவதும் நான். பித்தான், கொக்கி, விளிம்பு மடிப்பு, பேன்ட்டுக்குக் கடைசியாகப் பின்பக்கத் தையல் மூடுவது, அளவுச் சீட்டு எழுதுவது எல்லாம் அவள். "நூல் அறுந்திருந்தா என் தப்பு. இங்க பாருங்க, துணியோட பிய்ச்சுக்கிட்டு வந்திருக்கு. இது யாரு தப்பும் இல்ல. பிள்ள வளர்றா."

"வளர்றதுன்னா மேல போகணும். இவ பக்கவாட்டுல போறா."

மகள் சிரிப்பை நிறுத்தினாள். நான் அதைக் கவனிக்கவில்லை. ஸ்கர்ட்டைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே பள்ளியில், மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது, ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தோம். மெதுவாகப் பேசும் பெண் டாக்டர். மகளை வெளியே மீன் தொட்டி பார்க்க அனுப்பிவிட்டு எங்களிடம் சொன்னார்:

"பொண்ணு நல்லாத்தான் இருக்கா. வளர்ற வயசு. எடை குறைக்கணும்னு பட்டினி போட்டுடாதீங்க. உயரம் வர வர உடம்பு சரியாயிடும். அவளுக்கு மட்டும் தனித் தட்டு வைக்காதீங்க. வீட்டுல எல்லாரும் ஒரே சாப்பாடு. காய், பழம் நிறைய. பாட்டில் பானம் வேண்டாம், தண்ணி போதும். சாப்பிடும்போது எல்லாரும் டி.வி.ய அணைச்சுடுங்க. சாயங்காலம் எல்லாருமா நடங்க, ஓடிப் பிடிச்சு விளையாடுங்க. முக்கியமா, அவ உடம்பப் பத்தி யாரும் பேசாதீங்க."

இதில் 'எல்லாரும்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது, பாருங்கள். ஒன்றுகூட என் காதில் விழவில்லை. 'பொண்ணு', 'எடை', 'குறைக்கணும்' இவை மட்டும் விழுந்தன. வீடு வந்து சேர்வதற்குள் இந்தத் துண்டுகளை இணைத்து ஒரு சட்டமே தைத்துவிட்டேன்.

"இன்னியிலேருந்து இந்த வீட்டுல பொரிச்சது கிடையாது. பிஸ்கட் கிடையாது. கேக் கிடையாது!"

"ரொம்ப நல்லது," என்றாள் மனைவி. "யாருக்கு?"

"யாருக்கா? பாப்பாவுக்குத்தான்."

"நமக்கு?"

"உனக்கு வேணும்னா விட்டுடு. எனக்கு எதுக்கு? என் இடுப்பு கல்யாணத்தன்னிக்கு முப்பது. இன்னிக்கும் முப்பது."

"அளந்து பாத்தீங்களா?"

"எதுக்கு அளக்கணும்? என் பேன்ட்ட நானேதான் வெட்டறேன். வருஷா வருஷம் முப்பதுக்கு வெட்டறேன். போட்டா கச்சிதமா உக்காருது. தராசு பொய் சொல்லும். கண்ணாடி முகத்துக்குத் தக்கபடி பேசும். துணி பொய் சொல்லாதுடி."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் இடுப்பைப் பார்த்தாள். பிறகு ஊசியின் காதைப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான்," என்றாள்.

சட்டம் அமலுக்கு வந்தது. தினமும் மாலையில் கொல்லைப்புறத்தில் மகள் கயிறு தாண்ட வேண்டும். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கையைச் சரிபார்ப்பேன். சும்மா உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பதால் மடியில் ஒரு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்.

"அப்பா, நீங்க மொறுமொறுன்னு மெல்லற சத்தத்துல எண்ணிக்கை மறந்துபோச்சு."

"மறந்துபோச்சா? முதல்லேருந்து ஆரம்பி!"

முதலிலிருந்து ஆரம்பித்தாள். நானும் பொட்டலத்தின் அடியிலிருந்து ஆரம்பித்தேன்.

சாப்பாட்டு மேசையில் அவளுக்குத் தனித் தட்டு. வேகவைத்த பீன்ஸ், வேகவைத்த கேரட், வேகவைத்த முகம். எங்கள் தட்டில் பொரித்த மீன். முதல் நாளே மனைவி தன் தட்டிலிருந்த மீனை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, பீன்ஸ் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எனக்கும் இதுவே போதும்." ஆக, இரண்டு பேர் பங்கை நான் ஒருவனே தின்ன வேண்டியதாயிற்று. குடும்பத் தலைவன் என்றால் சும்மாவா?

போதாக்குறைக்குக் கடைக்குப் பக்கத்திலேயே பேக்கரி. பேக்கரிக்காரர் என்னைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"மாஸ்டர் அண்ணே, கிரீம் பன் இப்பதான் வந்துச்சு. பாப்பாவுக்கும் ஒண்ணு கட்டட்டுமா?"

"அவளுக்குக் கூடாதுப்பா. டாக்டர் உத்தரவு."

"ஐயோ பாவம். அப்ப அந்த ஒண்ணையும் உங்களுக்கே குடுத்துடறேன்."

தெருவில் நின்று தின்றால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பேக்கரி அடுப்புக்குப் பின்னால் போய் நின்று தின்பேன். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அது பள்ளியிலிருந்து வரும் பின்சந்துப் பக்கம் திறந்திருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அந்த மாதம் பள்ளியில் விளையாட்டு விழா. மகள் வகுப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கூட்டு உடற்பயிற்சி செய்வதாக ஏற்பாடு. நீல நிறத்தில் ஒரே மாதிரி உடுப்பு. அத்தனையும் என் கடைக்கு வந்த வேலை. பெருமைக்குக் கேட்க வேண்டுமா? ஒரு சனிக்கிழமை கடை பெஞ்சு முழுக்கச் சிறுமிகள், அவர்களுடைய அம்மாக்கள். என் மகளின் உயிர்த்தோழி முன்வரிசையில்.

அளவெடுக்கும்போது சத்தமாகச் சொல்வது எங்கள் தொழில் வழக்கம். மெஷின் இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் சீட்டு எழுதுகிறவருக்குக் கேட்காது. நான் நாடாவைப் பிடித்து, "தோள் பதிமூணு!" என்று கூவுவேன். மனைவி எழுதிக்கொள்வாள். அப்படியே ஒவ்வொரு பெண்ணாக வந்து போனார்கள். உற்சாகம் ஏறிவிட்டது.

"அடுத்தது நம்ம வீட்டுப் பூசணிக்கா!" என்றேன்.

பெஞ்சில் ஒரு சிரிப்பு எழுந்தது. நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டேன். மகள் வந்து நின்றாள். நாடாவை இடுப்பைச் சுற்றிப் போட்டேன். எண்ணைக் கூவினேன்.

அந்த எண்ணை நான் இங்கே எழுதமாட்டேன்.

"எழுது," என்றேன் மனைவியிடம்.

"கேக்கல," என்றாள் அவள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும், நிறுத்து என்று அந்தப் பார்வையில் இருந்தது. எனக்குத் துணி படிக்கத் தெரியும், முகம் படிக்கத் தெரியாது.

கேட்கவில்லை என்றாளே என்று இன்னும் பலமாகச் சொன்னேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உயிர்த்தோழி குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். மகள் நாடாவைத் தன் கையாலேயே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள். ஓடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை, கூட்டு உடற்பயிற்சியில் சேரவில்லை என்று மகள் ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். பள்ளி விட்டால் கடை வழியாக வருவதை விட்டுப் பின்சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்தாள். மேசைக்கு வந்தால் பசியில்லை என்பாள். சட்டம் வேலை செய்கிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, மனைவி அவள் படுக்கையை உதறப்போய் என்னைக் கூப்பிட்டாள். தலையணைக்கடியில் பிஸ்கட் உறைகள். ஒவ்வொன்றும் சத்தம் வராதபடி நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"திருட்டுத் தீனி!" என்றேன். "இத எங்க கத்துக்கிட்டா இவ?"

"பேக்கரிக்குப் பின்னால ஒரு ஜன்னல் இருக்காமே," என்றாள் மனைவி. "பாப்பா சொன்னா."

அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் மனைவி பேசாமலிருப்பது என்பது வானம் கறுத்துக்கொண்டு வருவது மாதிரி. குடை எடுப்பதற்குக்கூட நேரம் தரமாட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சாம்பல் நிற பேன்ட்டை எடுத்துப் போட்டேன். பித்தான் துளைக்குப் போய்ச் சேரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தேன், சேர்ந்தது. மூச்சை விட்டேன், பிரிந்தது. பழுப்பு பேன்ட்டை எடுத்தேன். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கறுப்பு பேன்ட் எனக்கு எப்போதும் விசுவாசமானது. அதுவும் கட்சி மாறிவிட்டது.

"ஏய், என்ன சோப்பு போட்டே?"

"எப்பவும் போடற சோப்புதான்."

"பேன்ட்டெல்லாம் சுருங்கிப்போச்சு."

"என் துணி சுருங்கலியே. உங்க சட்டைகூட சுருங்கலியே."

"பேன்ட் துணி மட்டம்."

"நீங்கதானே பாத்துப் பாத்து வாங்கினீங்க? சுருங்கினா மீசைய எடுத்துடறேன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கீங்க. கத்திரி கொண்டு வரட்டுமா?"

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் வயிற்றைக் கயிறு போட்டுக் கட்டியது போலிருந்தது. குனிந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. துணி பொய் சொல்லாது என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் நான். அப்படியானால் பொய் சொன்னது யார்? ஒரே வாரத்தில் ஊதிவிட்டேனா? உள்ளே ஏதாவது நோயா? டாக்டரிடம் போகப் பயம். வீட்டில் சொல்ல வெட்கம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பீன்ஸ் பாத்திரத்தை என் பக்கம் இழுத்தேன்.

"என்னங்க, உங்களுக்கு மீன் பொரிக்கட்டுமா?"

"வேணாம். பிள்ளைக்கு ஒரு முன்மாதிரியா இருக்கலாம்னு..."

"அடேயப்பா!" என்றாள் மனைவி. குரலில் ஆச்சரியம் இருந்தது. முகத்தில் இல்லை.

பேக்கரிக்காரரிடம், வயிறு சரியில்லை என்றேன். வறுவல் பொட்டலத்தை விட்டேன். செய்திகளைக் கேட்டால் பசிக்கிறது என்று சாப்பிடும்போது டி.வி.யையும் அணைத்தேன். மனைவி சந்தைக்கு மகளைக் கூட்டிக்கொண்டுபோய், எந்தக் காய் வேண்டுமோ நீயே எடு என்றாள். மகள் எடுத்தாள். அவளே கழுவினாள், அவளே நறுக்கினாள். கேரட் சில நாள் சக்கரமாக வந்தது, சில நாள் நட்சத்திரமாக வந்தது. எல்லாத் தட்டிலும் ஒரே சாப்பாடு வந்தபிறகு மேசையில் மெல்லப் பேச்சும் வந்தது. கணக்கு டீச்சரின் தும்மலை மகள் நடித்துக் காட்டினாள். அம்மாவைப் பார்த்துக் காட்டினாள். நான் பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

மாலையில் அம்மாவும் மகளும் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேடுவரை நடக்கப் போவார்கள். ஒரு நாள் நானும் கிளம்பினேன்.

"நீங்க எதுக்கு?" என்றாள் மனைவி.

"மேற்பார்வைக்கு."

மேடு தொடங்கும் இடம்வரை மேற்பார்வை நன்றாகவே நடந்தது. பிறகு மேலே பார்க்க முடியவில்லை, தரையைத்தான் பார்க்க முடிந்தது. இறுகிய பேன்ட், ஏறும் சாலை, இறங்காத மூச்சு. காதுக்குள் இதயம் மெஷின் ஓட்டியது. அவர்கள் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். இறங்கி வந்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

"அப்பா, இந்தக் கல்லுமேல கொஞ்ச நேரம் உக்காந்தா மூச்சு வந்துடும். நானும் முதல்ல இங்கதான் உக்காருவேன்."

உட்கார்ந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றாள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. நான் வாயைத் திறந்து இரைந்து முடிக்கும்வரை அவள் திரும்பவில்லை. மூச்சு வாங்குகிறவரைப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை.

மறுநாள் மதியம். அம்மாவும் மகளும் காய் வாங்கப் போயிருந்தார்கள். இனிமேல் தாங்காது, பேன்ட்டை யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று சாம்பல் நிறத்தை உட்புறமாகத் திருப்பினேன்.

திருப்பியவன் அப்படியே நின்றேன்.

பின்பக்கத் தையல் புது நூலில் இருந்தது. அதற்கு வெளியே, ஓரமாக, பழைய தையல் பிரித்த ஊசித் துளைகள். எறும்பு வரிசை மாதிரி. ஒன்றல்ல, இரண்டு வரிசை. பழுப்பைத் திருப்பினேன். கறுப்பைத் திருப்பினேன். எல்லாவற்றிலும் அதே எறும்புகள். புதுத் தையல் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் கையை நான் இருட்டில் தடவிப் பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

எனக்கு நோய் இல்லை! நான் ஊதவில்லை! சூழ்ச்சி! சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன். வாசலில் அவர்கள் வரும் சத்தம் கேட்டது. மகள் காய்ப் பையோடு நேரே உள்ளே போய்விட்டாள். மனைவி கடைக்குள் வந்தாள். பேன்ட்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது என்ன?"

"பேன்ட்."

"உள்ள?"

"தையல்."

"யாரு தைச்சது?"

"நான்தான். பின்பக்கம் எப்பவும் நான்தானே மூடுவேன்?"

"மாட்டிக்கிட்டியா! பேன்ட்ட உள்ள பிடிச்சுத் தைச்சு, நான் குண்டாயிட்டேன்னு என்னையே நம்ப வெச்சு, பீன்ஸ் தின்ன வெச்சு, மேட்டுல ஏத்தி..."

"அளந்து பாருங்க."

"எத?"

"பேன்ட் இடுப்ப."

நாடாவை வைத்தேன். முப்பது. ஒரு நூல் கூடுதலில்லை, ஒரு நூல் குறைவில்லை.

"நீங்க சொன்ன அளவுதானே? நீங்க முப்பதுக்குக் கோடு போட்டது எங்கயோ, அங்கதான் இப்ப தைச்சிருக்கேன். நான் ஒண்ணும் உள்ள பிடிக்கல."

"அப்ப... வெளியில இருக்கற இந்தத் துளையெல்லாம்?"

"ஒரு வரிசை, புதுசா தைச்ச அன்னிக்கு. இன்னொரு வரிசை, குனிய முடியலன்னு நீங்க முனகினப்ப பிரிச்சு விட்டது. நீங்கதான் உள்ள நிறையத் துணி விட்டு வெட்டுவீங்களே, அது கைகொடுத்துச்சு. வருஷா வருஷம் நீங்க முப்பதுக்கு வெட்டிக் குடுப்பீங்க. நான் வெளியில தள்ளித் தள்ளி மூடுவேன். நீங்க போட்டுக்கிட்டு கச்சிதம்னு சொல்லுவீங்க. நானும் ஆமாம்பேன்."

"எவ்வளவு காலமா?"

"பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து."

பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்காரும்போது போட்டிருந்த பேன்ட்டில் ஒரு தையல் விட்டுக்கொடுத்தது.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்லணும்?" என்றாள் அவள். "இந்தப் பெஞ்சு நிறைய ஆள் உக்காந்திருக்கறப்ப, சத்தமாவா?"

நான் துணியின் ஊசித் துளைகளைத் தடவிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு பதின்மூன்று வருட மரியாதை அந்த ஓரத்தில் ஒளிந்திருந்திருக்கிறது. நான் தைத்துத் தந்ததாக நினைத்த வீடு இது. பிரித்து விட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவள்.

சமையலறைக்குப் போனேன். மகள் குழாயடியில் கேரட் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அன்னிக்குக் கடையில அப்பா அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ம்."

"அந்தப் பேரும் சொல்லியிருக்கக் கூடாது. இனிமே சொல்லமாட்டேன்."

"ம்."

"உன் நீலத் துணி இன்னும் வெச்சிருக்கேன். விழாவுக்கு நாள் இருக்கு. கடைக் கதவைச் சாத்திட்டு, யாரும் இல்லாதப்ப, மெதுவா... அளவெடுக்கட்டுமா?"

அவள் கேரட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். கோபம் இல்லை. யாரோ பெரியவரிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னாள்:

"அம்மா எடுக்கட்டும்பா."

அம்மா உள்ளறையில் எடுத்தாள். வெளியே நின்ற எனக்கு ஒரு எண்கூடக் கேட்கவில்லை. வெட்டியதும் அவள்தான். என் கையில் துண்டுகளாக வந்தன. இணைத்துத் தைத்தேன். எவ்வளவு என்று கையாலேயே எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தடவை கையையும் வாயைத் திறக்க விடவில்லை. விழாவில் மகள் இரண்டாம் வரிசையில் நின்றாள். நடுவில் ஒரு இடத்தில் எல்லோரும் வலப்பக்கம் திரும்ப, இவள் மட்டும் இடப்பக்கம் திரும்பிவிட்டு, தன் தோழியைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு தட்டுகள் ஒரே மாதிரியாகவே இருந்துவிட்டன. நடையும் நிற்கவில்லை. பேன்ட் அளவை நான் கேட்பதில்லை, மனைவி சொல்வதுமில்லை. டாக்டர் சொன்னபடி மகளுக்கு உயரம் வந்தது. ஒல்லியாகிவிடவில்லை. அகலமான தோளும் திடமான காலுமாக வளர்ந்தாள். படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. இப்போது வேறொரு ஊரில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். விடுமுறைக்கு வந்தால், "அப்பா, நடக்கலாமா?" என்று அவளேதான் கூப்பிடுவாள். பேசிக்கொண்டே வருவாள்.

துணிமணி எல்லாம் அந்த ஊரிலேயே ஒரு தையற்காரியிடம் கொடுத்துத் தைத்துக்கொள்கிறாள்.